வண்டியே வீடு... மின்சாரத்துக்கு என்ன வழி?

லித்தியம் பேட்டரி, சோலார் பேனல்... வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு!

அறுவடை முடிந்த டெல்டா வயல்களில் கிடை போட வரும் கீதாரிகள், பருவத்துக்குப் பருவம் ஊர் மாறும் நெல் அறுவடை இயந்திரக்காரர்கள், ரப்பர் தோட்டங்களைத் தேடிப் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் கன்னியாகுமரி மாவட்டத் தேனீ வளர்ப்பாளர்கள்... இவர்களுக்கெல்லாம் ஆண்டில் சில மாதங்கள் வண்டிதான் வீடு. பகல் வேலையில் ஓடிவிடும். இரவில்தான் சிரமம். வெளிச்சம் இல்லை, காற்று இல்லை, கையில் இருக்கும் போனுக்குச் சார்ஜ் இல்லை. வண்டி பேட்டரியிலேயே பல்பையும் ஃபேனையும் மாட்டி, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தள்ளிக்கொண்டு போவதும் வாடிக்கை.

இப்போது லித்தியம் பேட்டரியும் சோலார் பேனலும் சிறு நகரக் கடைகளில்கூடக் கிடைக்கின்றன. 'வண்டிக்கு ஒரு செட் போட்டுவிடலாம்' என்று பலரும் கிளம்பிவிட்டார்கள். ஆனால், பெரும்பாலானவர்கள் முதலில் பேனலை வாங்குகிறார்கள். அல்லது கடைக்காரர் சொல்லும் பெரிய இன்வெர்ட்டரை வாங்குகிறார்கள். நிலத்துக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்று பார்க்காமலே மோட்டார் வாங்குவது போன்றது இது. கடன் வாங்கிப் போட்ட காசும் வீணாகி, தரமில்லாத வயரிங்கால் வண்டிக்கே ஆபத்து வந்து சேரலாம்.

முறை எளிது. முதலில் பயிரின் தேவை, பிறகு தொட்டி, அதன் பிறகு ஊற்று, கடைசியில் குழாய். அதாவது, அன்றாடச் செலவு, பேட்டரி, பேனல், வயர். இந்த வரிசை மாறாமல் கணக்குப் போட்டால் தேவைக்கு மேல் ஒரு ரூபாயும் செலவாகாது.

படி 1: ஒரு நாள் செலவு எவ்வளவு?

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியில் என்னென்ன ஓடும், ஒவ்வொன்றும் எத்தனை வாட், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். வாட்டையும் மணியையும் பெருக்கினால் கிடைப்பது 'வாட்-மணி'. ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால், நம் வீட்டு மின் கணக்கில் வரும் ஒரு யூனிட்.

இரண்டு பேர் தங்கும் ஒரு சின்ன சரக்கு வண்டியை எடுத்துக்கொள்வோம்.

• 12 வோல்ட் எல்.இ.டி பல்பு 3 (தலா 5 வாட்), 5 மணி நேரம்: 75
• 12 வோல்ட் ஃபேன் 2 (தலா 15 வாட்), 8 மணி நேரம்: 240
• செல்போன் 2, ஒரு முழு சார்ஜ்: 50
• பேட்டரி ஸ்பிரேயர் (12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி) ஒரு முறை சார்ஜ்: 120
• சின்ன தண்ணீர் பம்பு (40 வாட்), அரை மணி நேரம்: 20

மொத்தம் 505 வாட்-மணி. அரை யூனிட்தான்!

இந்தப் பட்டியலில் எல்லாமே நேரடியாக 12 வோல்ட்டில் ஓடுபவை என்பதைக் கவனியுங்கள். வீட்டுக்கு வாங்கும் சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். அதை ஓட்ட இன்வெர்ட்டரும் வேண்டும். இன்வெர்ட்டரை ஆன் செய்து வைத்தாலே, எதுவும் மாட்டாவிட்டாலும் அது தனக்கென்று கொஞ்சம் தின்னும். 10 வாட் என்று வைத்தால்கூட 24 மணி நேரத்தில் 240 வாட்-மணி. நம் பட்டியலில் இரண்டு ஃபேனும் இரவு முழுக்க ஓடும் செலவு அது. இன்வெர்ட்டர் வேண்டுமென்றால் 300 வாட் அளவில் சின்னதாக வாங்கி, தேவைப்படும்போது மட்டும் போட்டு அணையுங்கள்.

மருந்து, பால் வைக்கப் பெட்டி ஃப்ரிட்ஜ் தேவைப்படுகிறதா? 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் 45 வாட் அளவில் இழுத்து, வெயில் நாளில் விட்டுவிட்டுச் சுமார் 10 மணி நேரம் ஓடும். 450 வாட்-மணி. அந்த ஒரு பெட்டி மொத்தக் கணக்கையும் ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிடும். பேட்டரி, பேனல், செலவு எல்லாமே இரட்டிப்பு. இண்டக்‌ஷன் அடுப்பை மறந்துவிடுங்கள். ஒரு மணி நேரச் சமையல் மூன்று நாள் மின்சாரத்தைக் குடித்துவிடும்.

படி 2: எந்த பேட்டரி, எவ்வளவு?

'லித்தியம்' என்ற பெயரில் பல வகை இருக்கிறது. வண்டியில் வைக்க ஏற்றது 'லித்தியம் இரும்பு பாஸ்பேட்'. கடைகளில் எல்.எஃப்.பி என்று சொல்வார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவினர் 1997-ல் இந்தப் பொருளைப் பற்றி வெளியிட்டார்கள். லித்தியம் அயனி பேட்டரி ஆய்வுகளுக்காக அவருக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. நிக்கல் கலந்த மற்ற லித்தியம் வகைகளைவிட இது சூட்டைத் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது. எடை கொஞ்சம் கூடுதல். வண்டியில் படுத்துத் தூங்குபவர்களுக்கு எடையைவிட உயிர் முக்கியம்.

ஒரு எல்.எஃப்.பி செல் 3.2 வோல்ட். நான்கை வரிசையாக இணைத்தால் 12.8 வோல்ட். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1,280 வாட்-மணி. அதில் 80 சதவிகிதம் பயன்படுத்தலாம் என்று வைத்தால் 1,024. நம் தேவை நாளுக்கு 505. ஆக, வெயிலே இல்லாவிட்டாலும் இரண்டு நாள் தாங்கும். இந்த வண்டிக்கு இது போதும்.

டியூபுலர் பேட்டரியோடு ஒப்பிடுவோம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலரில் இருப்பது 1,800 வாட்-மணி. ஆனால், பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். எனவே, கைக்கு வருவது 900தான். எடை 50 கிலோவுக்கு மேல். லித்தியமோ 12 கிலோ அளவுதான். நல்ல எல்.எஃப்.பி 2,000 முறைக்கு மேல் ஏற்றி இறக்கத் தாங்கும். டியூபுலர் பாதி வரை இறக்கினால் ஆயிரத்துச் சொச்சம் முறை தாங்கலாம். தினமும் உபயோகிப்பவர்களுக்கு, விலை இரண்டு மடங்கு இருந்தாலும் லித்தியம்தான் கடைசியில் லாபம். ஆண்டுக்கு ஒரு மாதம் மட்டும் வெளியூர் போகிறவருக்கு அந்தக் கூடுதல் விலை திரும்பக் கிடைக்காது. அவர் டியூபுலரோடு நிற்கலாம்.

பேட்டரிக்குள் 'பி.எம்.எஸ்' என்ற பாதுகாப்புப் பலகை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு செல்லையும் கவனித்து, அளவுக்கு மீறி ஏறினாலும் இறங்கினாலும் சூடானாலும் இணைப்பைத் துண்டிப்பது அதன் வேலை. அது இல்லாத பேட்டரி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இன்னொன்று. பழைய பேட்டரியில் வோல்ட் மீட்டரைப் பார்த்தே எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடலாம். எல்.எஃப்.பியில் அது நடக்காது. முக்கால்வாசி இருக்கும்போதும் கால்வாசி இருக்கும்போதும் வோல்ட் ஏறக்குறைய ஒன்றுபோலவே காட்டும். அதனால், உள்ளே போனது, வெளியே வந்தது இரண்டையும் எண்ணும் 'ஷன்ட் மீட்டர்' ஒன்றைச் சேர்த்து வாங்குங்கள்.

படி 3: பேனல் எத்தனை வாட்?

தமிழ்நாட்டில் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 5 மணி நேரம் முழு வெயில் என்று கணக்கிடலாம். ஆனால், 200 வாட் பேனல் 200 வாட்டையும் தந்துவிடாது. 25 டிகிரிக்கு மேல் பேனல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவிகிதம் அளவுக்கு உற்பத்தி குறையும். சித்திரை வெயிலில் பேனல் 65 டிகிரிக்குப் போனால் 16 சதவிகிதம் போச்சு. தூசு, வயர் இழப்பு எல்லாம் சேர்த்து 70 சதவிகிதம் கைக்கு வரும் என்று வைப்போம்.

200 வாட் × 5 மணி × 0.7 = 700 வாட்-மணி. தேவை 505. மிச்சமே இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முழு வெயில் 3 மணி நேரம் என்று வைத்தால் 420தான் வரும். நாளுக்கு 85 குறையும். பேட்டரியில் இரண்டு நாள் சேமிப்பு இருப்பதால், அப்படியே பத்து நாளுக்கு மேல் ஓட்டிவிடலாம். ஆகவே, 200 வாட் பேனல் சரியான அளவு. இது ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் இடம் பிடிக்கும்.

வண்டிக் கூரையோடு பேனலை ஒட்டிவிடாமல், அடியில் 3 முதல் 5 செ.மீ இடைவெளி விட்டுச் சட்டத்தில் பொருத்துங்கள். காற்று ஓடினால் சூடு குறையும். தமிழ்நாட்டுக்குத் தட்டையாக வைத்தாலும் பெரிய இழப்பு இல்லை. அறுவடைக் காலத்தில் படியும் தூசையும் பதரையும் காலையில் ஈரத்துணியால் துடைத்தாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

நிழல்தான் பெரிய எதிரி. ஒரு கிளையின் நிழல் பேனலின் ஓரத்தில் விழுந்தாலே உற்பத்தி பாதிக்கு மேல் சரியலாம். நாமோ வண்டியை மர நிழலில்தான் நிறுத்துவோம். ரப்பர் இலை உதிரும்போது தோட்டத்துக்குள் வெயில் இறங்கும். தளிர் விட்டு, அதன் இலைக்காம்பில் தேன் சுரக்கும் நாள்களில் கூரைக்கு மேல் நிழல் கட்டிவிடும். தேனீக்காரர்கள் தோட்டத்தில் இருக்கப்போவது அப்போதுதான்! இப்படிப்பட்டவர்கள் பேனலைக் கூரையில் நிரந்தரமாகப் பொருத்தாமல், 10 மீட்டர் வயரோடு வெயில் படும் இடத்துக்கு எடுத்துப்போய் வைக்கும்படி அமைத்துக்கொள்வது நல்லது. இரவில் உள்ளே எடுத்து வைக்க மறக்க வேண்டாம்.

வாங்கும் பேனலின் பின்புறம் 'ஐ.எஸ். 14286' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

கன்ட்ரோலரில் கஞ்சத்தனம் வேண்டாம்

பேனலையும் பேட்டரியையும் நேராக இணைக்கக் கூடாது. இடையில் சார்ஜ் கன்ட்ரோலர் வேண்டும். மலிவான 'பி.டபிள்யூ.எம்' வகை, பேனலின் வோல்ட்டைப் பேட்டரி அளவுக்கு இழுத்துவிடும். 20 வோல்ட்டில் 10 ஆம்பியர் தரும் 200 வாட் பேனலில், 13.3 வோல்ட்டில் 10 ஆம்பியர்தான் உள்ளே போகும். அதாவது 133 வாட். மூன்றில் ஒரு பங்கு வீண். 'எம்.பி.பி.டி' வகை கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும். நம் கணக்குக்கு 20 ஆம்பியர் எம்.பி.பி.டி போதும். அதில் லித்தியம் அமைப்பு இருக்க வேண்டும். சார்ஜ் 14.2 முதல் 14.6 வோல்ட்டுக்குள் என்று பேட்டரித் தயாரிப்பாளர் சொல்லும் அளவில் வைக்க வேண்டும்.

ஓடும் வண்டியிலிருந்தும் ஏற்றலாம்

வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்தும் லித்தியத்தை நிரப்பலாம். ஆனால், நேரடியாக வயர் இழுத்துவிடாதீர்கள். காய்ந்த மண் தண்ணீரை உறிஞ்சுவது போல லித்தியம் கிடைக்கும் ஆம்பியரையெல்லாம் இழுக்கும். ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகிவிடும். நடுவில் 'டி.சி டு டி.சி சார்ஜர்' வைத்தால், அது அளவோடு எடுத்துக் கொடுக்கும். 20 ஆம்பியர் சார்ஜர் ஒரு மணி நேரத்தில் 250 வாட்-மணி அளவுக்கு ஏற்றும். இரண்டு மணி நேரப் பயணத்தில் ஒரு நாள் செலவு நிரம்பிவிடும். ஆல்டர்னேட்டர் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, அதில் பாதிக்கு மேல் இழுக்காத சார்ஜராக வாங்குங்கள். லாரி போன்ற பெரிய வண்டிகள் பெரும்பாலும் 24 வோல்ட் என்பதால், சார்ஜரும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

படி 4: வயரும் ஃபியூஸும்... உயிர் காக்கும் பகுதி

அரை இஞ்ச் குழாயில் தண்ணீரைத் தூரமாகக் கொண்டுபோனால் கடைமடையில் என்ன வரும் என்பது நமக்குத் தெரியும். வயரும் அப்படித்தான். 100 வாட் சுமை 12 வோல்ட்டில் 8.3 ஆம்பியர் இழுக்கும். 5 மீட்டர் தூரத்துக்குப் போக வர 10 மீட்டர் வயர். 1.5 ஸ்கொயர் எம்.எம் செம்பு வயர் போட்டால் ஒரு வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். 4 ஸ்கொயர் எம்.எம் போட்டால் இழப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். வீட்டில் 230 வோல்ட்டில் கண்ணுக்குத் தெரியாத இந்த இழப்பு, 12 வோல்ட்டில் பெரிதாகத் தெரியும். தொலைந்த மின்சாரம் வயரைச் சூடாக்கும்.

நம் அமைப்புக்குப் பேட்டரியிலிருந்து மெயின் வயர் 16, கன்ட்ரோலருக்கு 6, 300 வாட் இன்வெர்ட்டருக்கு 10, பல்பு, ஃபேனுக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம் வைக்கலாம். எல்லாமே பல இழை கொண்ட செம்பு வயராக இருக்கட்டும். ஒற்றைக் கம்பி வயர், வண்டி குலுக்கலில் உடைந்துவிடும். தகரத்தில் ஓட்டை போட்டு வயரைக் கொண்டுபோகும் இடமெல்லாம் ரப்பர் வளையம் போடுங்கள். தகர விளிம்பு உராய்ந்து தோல் கிழிந்தால் ஷார்ட் சர்க்யூட்தான்.

லித்தியத்தில் ஷார்ட் ஆனால் ஒரு நொடியில் ஆயிரம் ஆம்பியருக்கு மேல்கூடப் பாயலாம். வெல்டிங் மெஷினைவிட அதிகம் அது. எனவே, பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில், ஒரு சாணுக்குள், மெயின் ஃபியூஸ் கட்டாயம். இந்த அமைப்புக்கு 60 ஆம்பியர். அதிலிருந்து பிரியும் ஒவ்வொரு கிளைக்கும் வயர் தாங்கும் அளவுக்குத் தனி ஃபியூஸ். வீட்டு ஏ.சி மின்சாரத்துக்கான எம்.சி.பியை இங்கே போடாதீர்கள். டி.சிக்கு என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். கைக்கு எட்டும் இடத்தில் எல்லாவற்றையும் ஒரே திருப்பில் அணைக்கும் சுவிட்சும் வையுங்கள்.

பேட்டரியை இன்ஜின் பக்கம் வைக்க வேண்டாம். பூட்டிய வண்டிக்குள் வெயில் நேரத்தில் 50 டிகிரி தாண்டும். அந்தச் சூட்டில் சார்ஜ் ஏற்றினால் ஆயுள் தேயும். காற்றோட்டமான இடத்தில் பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். அதனால் சிலிண்டரும் பேட்டரி, சுவிட்சுகளும் ஒரே அடைப்பில் இருக்கக் கூடாது. அடுப்பை வண்டிக்கு வெளியே வைத்துக்கொள்வதே உத்தமம்.

ஆர்.சி-யைப் பாருங்கள்

வண்டியின் அமைப்பை ஆர்.சி-யில் உள்ள விவரங்களுக்கு மாறாக மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-ம் பிரிவு. கூரையில் சட்டம் அடிக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவியுங்கள். நாளை ஏதாவது நடந்து, 'சொல்லாமல் மாற்றினீர்கள்' என்று இழப்பீடு கைவிட்டுப் போகக் கூடாது.

வாசகர் கேள்விகள்

'எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் கழற்றிய பழைய லித்தியம் பேட்டரி பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?'

வேண்டாம். அவை பெரும்பாலும் 48 வோல்ட்டுக்கு மேற்பட்டவை. 12 வோல்ட் சாமான்களுக்குப் பொருந்தாது. பிரித்து மறுபடி கோத்துத் தருகிறேன் என்பார்கள். அந்த செல்கள் எந்த வகை, எவ்வளவு தேய்ந்தவை என்று கடையில் யாருக்கும் தெரியாது. தலைமாட்டில் வைத்துத் தூங்கும் பொருளில் இந்தச் சிக்கனம் கூடாது.

'இதே பேட்டரியில் 1 ஹெச்.பி மோட்டார் ஓட்டித் தண்ணீர் இறைக்கலாமா?'

1 ஹெச்.பி என்பது 746 வாட். இழப்புகளைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 1,000 வாட் போகும். ஒரு மணி நேரத்தில் பேட்டரி காலி. ஸ்டார்ட் ஆகும்போது இதைப்போலப் பல மடங்கு இழுக்கும் என்பதால் சின்ன இன்வெர்ட்டர் தாங்காது. பாசனத்துக்கு சோலார் பம்புசெட் தனியாக இருக்கிறது. 'பி.எம் குசும்' திட்ட மானியம் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

'வண்டி இல்லை. தோட்டத்து மோட்டார் கொட்டகையில் காவலுக்குப் படுப்பேன். எனக்கு இந்தக் கணக்கு பொருந்துமா?'

அப்படியே பொருந்தும். ஓடும் வண்டியிலிருந்து சார்ஜ் ஏற்றும் வழி உங்களுக்கு இல்லை. அதனால் மழைக்காலத்தைக் கணக்கில் வைத்து பேனலை மட்டும் கூட்டுங்கள். 505-ஐ 3 மணி, 0.7 இரண்டாலும் வகுத்தால் 240 வாட் வரும். 250 வாட் அளவில் போட்டால் கவலை இல்லை. எடை பிரச்னை இல்லாத இடம் என்பதால் டியூபுலரும் உங்களுக்கு ஒத்துவரும். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து தீப்பற்றக்கூடிய வாயு வரும். படுக்கும் அறைக்கு வெளியே, காற்றோட்டத்தில் வையுங்கள்.

'பருவம் முடிந்தால் ஆறு மாதம் வண்டி சும்மா நிற்கும். பேட்டரியை என்ன செய்வது?'

எல்.எஃப்.பியை முழுதாக ஏற்றியும் வைக்கக் கூடாது. காலியாகவும் விடக் கூடாது. பாதி அளவில் நிறுத்தி, பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் கழற்றி, வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்து, குறைந்திருந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். டியூபுலர் இதற்கு நேர்மாறு. அது எப்போதும் நிரம்பியே இருக்க வேண்டும்.

'கடைக்காரர் 'செட்டாக' விலை சொல்கிறார். எதைக் கேட்டு வாங்குவது?'

ஐந்து கேள்வி கேளுங்கள். பேட்டரி எல்.எஃப்.பி வகையா? பி.எம்.எஸ் எத்தனை ஆம்பியர் தாங்கும்? கன்ட்ரோலர் எம்.பி.பி.டியா, லித்தியம் அமைப்பு இருக்கிறதா? மெயின் ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், எங்கே வைப்பார்கள்? உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பில்லில் எழுதித் தருவார்களா? உங்கள் ஒரு நாள் செலவுத் தாளையும் கையில் கொண்டுபோங்கள். அந்தத் தாளைப் பார்க்காமலே விலை சொல்பவரிடம் அவசரப்பட்டு முன்பணம் கொடுக்காதீர்கள்.